சோதித்து வாங்குவோம், சொல்லி விற்போம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



தொழுகை, நோன்பு பற்றிக் கேள்வி கேட்க நாம் தயங்குவதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. முஆமலாத் என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில்தான் நம்முடைய நாளின் பெரும்பகுதி கழிகிறது. ஆகவே அண்மையில் ஜும்ஆ முடிந்த பிறகு ஒரு தம்பி வந்து கேட்ட கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தத் தம்பி செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தொழ வருகிறவர். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது அவருடைய தொழில். பழைய கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ முடிய இரவு முழுவதும் ஆகிறது என்று கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்க நினைத்தார். புதியதை வாங்க வசதியில்லை. செல்போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பல மாதம் சேர்த்த 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். விற்பவர் ஸலாம் சொன்னார். "மூணு மாசம்தான் ஓடியிருக்கு, கேம் மட்டும்தான் ஆடினேன்" என்றார். கவரில் சுற்றிய கார்டைக் கொடுத்தார், பணத்தை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கார்டு ஓடியது. மூன்றாம் நாள், சூடானதும் திரை முழுவதும் கலர் கலராகக் கட்டங்கள். போன் செய்தால், "நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க" என்றார் விற்றவர். அடுத்த முறை அந்த நம்பர் எடுக்கவே இல்லை. கூட்டாளி ஒருவர் யோசனை சொன்னார்: "ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டினா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதே விலைக்குப் போட்டு விட்டுடு."

தம்பி என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்று: "ஹஜ்ரத், ஓட்டிக் காட்டுங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. நம்ம ஆளு, ஸலாம் சொல்றாரு, சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். நான் கேட்டிருக்கணுமா?" இரண்டு: "நான் யாரையும் ஏமாத்தலையே, என்னைத்தானே ஏமாத்தினாங்க. போன பணத்தை இன்னொருத்தர்கிட்ட எடுத்துக்கிட்டா அது தப்பா?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டால், கார்டு மட்டுமல்ல, பழைய பைக், பழைய போன், ஆடு மாடு என்று கை மாறும் எந்தப் பொருளிலும் நம் ஈமானைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

சோதிப்பது சந்தேகமா?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில், அதிகமான சந்தேகங்களை விட்டு விலகிக்கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்தத் தம்பியின் மனதில் இருந்தது இந்த அச்சம்தான். ஆனால் அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைப் பாருங்கள். நம்பகமற்றவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிடாதபடி அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அங்கே கட்டளை வருகிறது. ஒரே அத்தியாயத்தில் விசாரிக்கும்படியும் இருக்கிறது, சந்தேகத்தைத் தவிர்க்கும்படியும் இருக்கிறது. இரண்டும் மோதவில்லை. தடுக்கப்பட்டது, ஆதாரமில்லாமல் ஒரு மனிதரைக் கெட்டவர் என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்வது. பொருளைப் பிரித்துப் பார்ப்பதில் அந்த மனிதரைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

நம் மலையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 200 ஆண்டுகளாகக் காபி விளைகிறது. காபிக்கொட்டை மூட்டை வாங்க வரும் வியாபாரி மேலாகத் தெரிவதை மட்டும் பார்த்து விலை பேசுகிறாரா? குத்தூசியை விட்டு அடி மூட்டையிலிருந்து எடுக்கிறார். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார், பல்லில் கடித்துக் காய்ச்சல் பார்க்கிறார். ஈரம் இருந்தால் எடை ஏறும் என்று இருவருக்கும் தெரியும். மிளகிலும் அப்படித்தான், பொக்கு எவ்வளவு என்று கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் பேச்சு. குத்தூசி போட்டதற்காக எந்தத் தோட்டக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. காபி மூட்டைக்குக் குத்தூசி போடுகிற நாம், 14,000 ரூபாய்ப் பொருளைக் கவரோடு வாங்கிக்கொண்டு வருவது என்ன நியாயம்?

நபி (ஸல்) அவர்கள் காலத்துக்கு முன்பு அரபிகளிடம் முலாமஸா என்றொரு வியாபாரம் இருந்தது. மடித்த துணியைப் பிரித்துப் பார்க்காமல், கையால் தொட்டாலே விற்பனை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வார்கள். அதை நபியவர்கள் தடுத்தார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வாங்குபவர் தான் எதை வாங்குகிறோம் என்று அறியாமல் பணம் கொடுக்கும் நிலை மார்க்கத்துக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காத கார்டும் மடித்த துணி மாதிரிதான்.

ஹிப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற ஸஹாபி வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவிடுவார். வியாபாரமே செய்ய வேண்டாம் என்று நபியவர்கள் அவரை ஒதுக்கி வைத்துவிடவில்லை. பொருள் வாங்கும்போது, இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். எதிரிலிருப்பவர் ஸஹாபியாகவே இருந்தாலும் அவர் அதைச் சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் அவமானமில்லை.

"அவர் ஸலாம் சொன்னார், தாடி வைத்திருந்தார்" என்பது போதுமா? உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரைப் பற்றி நல்ல சாட்சி சொன்னபோது, அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தீர்களா, அவரோடு பயணம் செய்தீர்களா, பணத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்தீர்களா என்று அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. எதுவுமில்லை என்றதும், அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். ஸலாமுக்குப் பதில் ஸலாம் கடமை. பணத்துக்குப் பதில் சரியான பொருள் என்பது வேறு கணக்கு.

இந்தப் பொருளில் எது மறைந்திருக்கிறது?

விஷயம் தெரியாமல் சோதிக்க முடியாது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு கணக்குப் போட்டு ஈட்டிவந்தார்கள். இதற்கு மைனிங் என்று பெயர். வரிசையாகக் கார்டுகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டுவார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றியது, கார்டு வைத்து மைனிங் செய்வது அத்தோடு நின்றது. உலகம் முழுவதும் அப்படி ஓடிய கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளிலும் செல்போன் விளம்பரங்களிலும் பழைய கார்டு வாங்குபவர் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. மின்சாரத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டப்பட்டவையும் உண்டு. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், உள்ளே வெப்பம் கடத்தும் பசை காய்ந்திருக்கும், மெமரி சில்லுகள் வெகுகாலம் சூட்டில் இருந்திருக்கும். கழுவித் துடைத்து வைத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இன்னொரு வகை பச்சைப் போலி. பழைய, மலிவான கார்டின் உள்ளே இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதிவிடுவார்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய கார்டு, கம்ப்யூட்டரில் மாட்டினால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று தன் பெயரைச் சொல்லும். மூன்றாவது வகை பாதி உண்மை. ஆர்எக்ஸ் 580 என்ற ஒரே பெயரில் 2304 கணக்கிடும் கூறுகள் கொண்டதும் உண்டு, 2048 மட்டும் கொண்டதும் உண்டு. இரண்டாவதை முதலாவதன் விலைக்கு விற்பார்கள்.

வாங்கப் போகும் முன்பும், போன இடத்திலும்

போகும் முன்பே நான்கு கேள்விகளை எழுத்தில், மெசேஜில் கேளுங்கள். எத்தனை நாள் ஓடியது? மைனிங்கில் ஓடியதா? கழற்றி ரிப்பேர் செய்ததா? பில் இருக்கிறதா? பதிலும் எழுத்தில் இருக்கட்டும். சீரியல் நம்பர் தெரியும்படி, அன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு போட்டோ கேளுங்கள். சில கம்பெனிகள் சீரியல் நம்பரை வைத்தே வாரண்டி பார்க்கும், சில பில் இல்லாமல் பேசாது. இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் மின்சாரம் எடுக்கும். அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியா கம்பெனியே பரிந்துரைக்கிறது. உங்கள் பெட்டியில் இடமில்லை, பவர் சப்ளை போதவில்லை என்றால் அது விற்றவரின் குற்றமாகாது.

பஸ் ஸ்டாண்டில் சந்திக்காதீர்கள். பகலில், கார்டு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போங்கள். அல்லது இருவருக்கும் பொதுவான ஒரு கம்ப்யூட்டர் கடையில் சிறு கூலி கொடுத்து மாட்டிப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா? பவர் இணைப்பு உருகியிருக்கிறதா? துரு, வெள்ளைப் பூப்பு, கருகல் வாடை உண்டா? ஃபேனை விரலால் சுற்றினால் ஆடுகிறதா?

மாட்டிய பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கார்டின் பெயர், மெமரி அளவு, கணக்கிடும் கூறுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தோடு ஒப்பிடுங்கள். பயாஸ் மாற்றிய பல போலிக் கார்டுகளை அந்த மென்பொருளே அடையாளம் கண்டு பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும். பிறகு ஃபர்மார்க் போன்ற சோதனையையோ கனமான ஒரு கேமையோ பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டுங்கள். தம்பியின் கார்டு குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத்தான் இருந்தது, சூடு ஏறியதும்தான் உண்மை வெளியே வந்தது. வெப்பம் ஓரிடத்தில் நிற்கிறதா, அல்லது 85 டிகிரியையும் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். திரையில் புள்ளி, கோடு, கட்டம் வருகிறதா என்று பாருங்கள். பின்னால் இருக்கும் ஒவ்வொரு திரை இணைப்பிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

பணம், சோதனை முடிந்த பிறகு. பொருளைப் பார்க்கும் முன் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், ஊர் மாற்றலாகிவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன் என்று அடையாள அட்டையெல்லாம் அனுப்பி முன்பணம் வாங்கி மறைகிறவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். அப்படி ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஒரு காகிதம். இருவர் பெயர், தேதி, விலை, சீரியல் நம்பர், "மைனிங்கில் ஓடவில்லை" என்பது போன்ற அவருடைய வாக்குறுதி, இருவர் கையெழுத்து. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமான வசனம். அது கடனை எழுதிக்கொள்வது பற்றியும், வியாபாரத்தில் சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. நீளமான வசனமே எழுத்துக்கும் சாட்சிக்கும் என்று அமைந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் மார்க்கத்தில் உண்டு. கியாருஷ் ஷர்த் என்பார்கள். மூன்று நாளுக்குள் சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று பேசி வாங்குவதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் அனுமதி சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தம்பி இதைப் பேசியிருந்தால் மூன்றாம் நாள் அவர் கையில் ஒரு பிடி இருந்திருக்கும். இப்படிப் பேசினால் விற்பவரும் உங்கள் மீது நிபந்தனை வைக்கலாம். நல்ல கார்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கெட்ட கார்டைத் திருப்பிக் கொடுக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சீரியல் நம்பர் எழுதிய காகிதம் அவரையும் காப்பாற்றும்.

விற்பவர் எதைச் சொல்ல வேண்டும்?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று கடுமையாக எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

மழை பட்டது அந்த வியாபாரியின் குற்றமல்ல. பொய்யும் அவர் சொல்லவில்லை. ஈரம் என்று யாரும் கேட்கவுமில்லை. அப்படியிருந்தும் ஈரத்தை அடியில் வைத்ததே ஏமாற்று ஆனது. இங்கே நாட்டுச் சட்டத்துக்கும் தீனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில், தெரிந்த ஒன்றை மறைக்க வேலை செய்வதை மோசடி என்று சொல்கிறது. ஆனால் பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே வாய் மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்றும் விளக்கம் தருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வியாபாரம் செய்பவரைத்தான் பிடிக்கும். வீட்டில் இருந்த ஒரு பழைய பொருளை விற்கும் தனிநபர் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார். கோர்ட்டு விட்டுவிடும் மௌனத்தை அல்லாஹ் விட்டுவிடுவான் என்று எந்த முஸ்லிமும் நினைக்க வேண்டாம்.

எதைக் குறை என்று சொல்வது? வியாபாரிகளின் வழக்கத்தில் எது தெரிந்தால் விலை குறையுமோ அதுதான் அய்ப், அதாவது குறை என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. இந்த ஒரு அளவுகோல் போதும். "கார்டு நல்லாத்தானே ஓடுது, மைனிங்கில் ஓடியதை ஏன் சொல்லணும்?" என்று கேட்கிறீர்களா? சொன்னால் விலை குறையுமா, குறையாதா? குறையும் என்று உங்கள் மனம் சொன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் மடியில் பால் கட்டவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். பெரிய மடியைப் பார்த்து வாங்குபவர் மயங்குவார். தஸ்ரியா எனப்படும் இதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவருக்கு, வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ உரிமை உண்டு என்றும் சொன்னார்கள். சந்தை நாளுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும் மடி, இரண்டு நிமிடம் மட்டும் ஒழுங்காக ஓடும் கார்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது. ஒருவர் ஒட்டகம் வாங்கிப் போவதைக் கண்டு, கறிக்கா பயணத்துக்கா என்று விசாரித்தார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர் என்று விற்றவர் வருத்தப்பட்டபோதும், தெரிந்ததை மறைப்பது தெரிந்தவருக்கும் ஆகாது என்றே பதில் சொன்னார்கள். நம் ஜமாஅத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளே, இது உங்களுக்கு. தெரியாத ஒருவர் கார்டு வாங்கப் போகும்போது அரை நாள் கூடப் போய் வாருங்கள். மலையிலிருந்து இறங்கிப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

வந்த நஷ்டத்தை அடுத்தவருக்கு அனுப்பலாமா?

இப்போது அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. 14,000 ரூபாய் என்பது அவருக்குப் பல கல்யாண வீட்டு இரவுகளின் கூலி. பணம் போகாதவர் பணம் போனவருக்குப் பொறுமை சொல்வது சுலபம்.

அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அளவில் மோசம் செய்பவர்களுக்குக் கேடு என்று சொல்லிவிட்டு, அவர்கள் யார் என்று அல்லாஹ் விளக்குகிறான். வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குவார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பார்கள். நிறைவாக வாங்குவதில் தனியாக ஒரு குற்றமும் இல்லை. தனக்கு ஒரு அளவு, அடுத்தவனுக்கு ஒரு அளவு என்று வைத்திருப்பதுதான் கேடு.

தம்பி, உன்னிடம் உண்மையை மறைத்தது அநியாயம் என்று உனக்குத் தெரியும். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றாய். அந்த அநியாயம் எப்படி வலிக்கும் என்று இந்த ஊரில் உன்னைவிட யாருக்குத் தெரியும்? அதே கார்டை, அதே விலைக்கு, அதே மௌனத்தோடு இன்னொருவர் கையில் வைத்தால் அங்கே ஏமாற்றுபவன் யார்? உன் பணத்தை எடுத்தவன் எங்கேயோ இருக்கிறான். நீ பணம் எடுக்கப்போவது அவனிடமிருந்தல்ல. உனக்கு எந்தத் தீங்கும் செய்யாத இன்னொரு ஏழைப் பிள்ளையிடமிருந்து. அவனும் உன் கேள்வியையே கேட்டுக்கொண்டு மூன்றாவது ஆளைத் தேடுவான். உனக்கு விற்றவனும் ஒரு நாள் இப்படி ஏமாந்தவனாகவே இருந்திருக்கலாம். இந்தச் சங்கிலி யாராவது ஒருவர் கையில் அறுந்தால்தான் நிற்கும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி பங்காளியிடம் கொடுத்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. விற்ற பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மறதியில் நடந்த ஒன்றின் பணத்தையே அவர்கள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நம்மில் பலர் அவர்களுடைய மத்ஹபில்தான் தொழுகிறோம். வியாபாரத்திலும் அவர்களைப் பின்பற்ற வேண்டாமா?

அப்படியானால் ஏமாந்தவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. குறை தெரிந்த உடனே பயன்படுத்துவதை நிறுத்தி, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறை தெரிந்த பிறகும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்பது ஃபுகஹாக்களின் பேச்சு. மெசேஜ்களையும் பணம் அனுப்பிய ஆதாரத்தையும் அழிக்காதீர்கள். போலீசில் புகார் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம், அநியாயம் செய்யப்பட்டவர் அதை வெளியே சொல்ல அனுமதி தருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லி மற்றவர்களை எச்சரியுங்கள். அவருடைய தாயையும் குடும்பத்தையும் திட்ட அந்த வசனத்தில் இடமில்லை. சீரியல் நம்பரை வைத்து வாரண்டி மீதமிருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்ய முடியுமா என்று சில்லு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எதுவும் முடியாவிட்டால் விற்கலாம், ஈரத்தை மேலே வைத்து. தம்பியும் நானும் உட்கார்ந்து விளம்பரம் எழுதினோம்: "கார்டு சூடானால் திரையில் கட்டங்கள் வருகின்றன. பில் இல்லை. மைனிங்கில் ஓடியதா என்று தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு மட்டும்." கட்டங்கள் தெரியும் போட்டோவையும் போட்டார். ஸ்பேர் பார்ட்ஸுக்கு எடுப்பவர் ஒருவர் 3,000 ரூபாய் கேட்டார். அந்த எண்ணைப் பார்த்துத் தம்பி வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு சரி என்று பதில் அனுப்பினார். 11,000 ரூபாய் நஷ்டம். அதைச் சின்ன விஷயம் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 3,000 ரூபாயை அவர் தாயின் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் செய்தியில், வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் கிடைக்கும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்குபவரும் ஏமாற்றலாம்

முடிக்கும் முன் ஒன்று. அநியாயம் எப்போதும் விற்பவர் பக்கமே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளிநாடு போன மகனின் கம்ப்யூட்டரை, அதன் மதிப்புத் தெரியாத ஒரு தாய் விற்கிறார். 18,000 பெறுமதியான கார்டை 2,000 என்கிறார். வாயை மூடிக்கொண்டு வாங்கி வருவது சாமர்த்தியமா? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹமுக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், இது இன்னும் பெறும் என்று தாங்களே விலையைக் கூட்டிக்கொண்டே போய் 800 திர்ஹம் வரை கொடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், "அம்மா, இது இவ்வளவு பெறும், விசாரித்துவிட்டு விற்பனை பேசுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

அதேபோல, விலை மிக மலிவாக இருந்து, பில்லும் இல்லை, எங்கே வாங்கியது என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை என்றால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது பாவம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

சகோதரர்களே, சகோதரிகளே! இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் விற்கப் போட்டிருக்கும் பழைய போனோ பைக்கோ இருந்தால் அந்த விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். அதில் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். விலை குறையும். குறையட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக. எங்கள் நாவில் உண்மையையும், எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும் தருவாயாக. ஏமாந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைப் பகரமாகக் கொடுப்பாயாக. ஏமாற்றுபவர்களின் உள்ளத்தைத் திருப்புவாயாக. எங்களிடம் வந்து சேர்ந்த அநியாயம் எங்களைத் தாண்டிப் போகாமல் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.